மாரிகால நீர்ப்பறவைகள்: காண்பதும் படம்பிடிப்பதும்

இலங்கையிலே பனி பெய்து குளங்கள் உறைவதில்லை. ஆயினும் வடதுருவத்தை அடுத்த நாடுகளிலே குளங்கள் உறையத் தொடங்குவதை இங்குள்ளோர் அறிந்துகொள்வதற்கு ஓர் அடையாளம் உண்டு. சோளகம் அடங்கி வாடைக்காற்று எழுகின்ற நாள்களில் மன்னார்ப் பரவைக் கடலின் ஓரத்திலும், யாழ்ப்பாணக் கடனீரேரியின் சேற்றுத் தரையிலும், மட்டக்களப்பு வாவியின் கரையிலும், முன்னாள் இல்லாத பறவைக் கூட்டங்கள் வந்து இறங்கியிருக்கும். அவை மழையோடு வந்து, மழைநீர் வற்றும் வரை இருந்து, பங்குனி சித்திரையில் மீண்டும் வடக்கு நோக்கிப் போய்விடும்.

இப்பறவைகளைப் பார்க்கவும் படம்பிடிக்கவும் விரும்புவோர் தொகை அண்மைக் காலத்தில் மிகப் பெருகிவிட்டது. ஒரு காலத்தில் கமரா என்பது வசதி படைத்தோர் கையில் மட்டும் இருந்தது. இன்று கைத்தொலைபேசி உள்ளவர் எல்லாரும் படம்பிடிப்பவரே. இது மகிழ்தற்குரியதே. ஆனால், படம்பிடிப்போர் பெருகும்போது பறவைக்கு இடையூறும் பெருகக்கூடும். ஆகவே நீர்ப்பறவைகளை எங்கே, எப்போது, எவ்வாறு காண்பது என்பதையும், அவற்றின் பிழைப்புக்குக் கேடு வராமல் எவ்வாறு படம்பிடிப்பது என்பதையும் சற்று விரிவாக நோக்குவது பயனுடையது.

முதலில் இவ்விருந்தினர் எங்கிருந்து வருகின்றனர் என்பதை அறிதல் வேண்டும். உலகத்துப் புலம்பெயர் பறவைகள் ஆண்டுதோறும் செல்லும் வான்வழிகள் சில உண்டு. அவற்றுள் ஒன்று மத்திய ஆசிய வான்வழி. வடதுருவக் கடலோரத்தில் தொடங்கும் இவ்வழி சைபீரியா, மத்திய ஆசியா, இமயம், இந்தியா ஆகியவற்றின் மேலாக வந்து இந்து சமுத்திரத் தீவுகளில் முடிவடைகின்றது. இந்தியப் பெருநிலத்தின் தென்கோடியைத் தாண்டி வரும் பறவைக்கு மன்னாரும் யாழ்ப்பாணமும் வாயிற்படி போன்றவை. அதற்குத் தெற்கே தென்துருவம் வரையில் பெருநிலம் ஏதும் இல்லை. பல பறவைகளுக்கு இத்தீவே பயணத்தின் எல்லை.

இது வெறும் ஊகமன்று. பாக்கு நீரிணைக்கு அப்பால், கோடிக்கரையிலே, பம்பாய் இயற்கை வரலாற்றுச் சங்கத்தார் பல்லாண்டுகளாகப் பறவைகளின் கால்களில் வளையமிட்டு விடுத்து அவற்றின் வழியை ஆராய்ந்து வந்துள்ளனர். இலங்கையிலும் கொழும்புப் பல்கலைக்கழகத்தைச் சார்ந்த களப் பறவையியல் வட்டத்தினர், 2020ஆம் ஆண்டுகளின் தொடக்கத்தில், மன்னாரிலே கடற்காகங்கள் சிலவற்றின் முதுகில் சிறு கருவிகளைப் பொருத்திச் செய்மதி மூலம் அவற்றின் செலவைத் தொடர்ந்தனர். அவ்வாறு தொடரப்பட்ட பறவையொன்று ருஷ்ய நாட்டின் வடகோடியிலுள்ள யமால் தீபகற்பத்தைச் சென்றடைந்தது. தலைமன்னார் மீனவர் வலை காயப்போடும் மணலில் மார்கழியில் நிற்கும் பறவை, ஆனியில் துருவப் பனி உருகும் நிலத்தில் முட்டையிடுகின்றது.

இத்துணைப் பெரும் பயணத்துக்கு வேண்டிய ஆற்றல் எங்கிருந்து வருகின்றது? பறவை தின்று சேர்த்த கொழுப்பிலிருந்தே வருகின்றது. சேற்றிலே குத்தித் தின்னும் உள்ளான் இனங்கள், நெடும்பயணத்துக்கு முன்னைய சில கிழமைகளில் இடைவிடாது இரைதேடி, உடலெடையை வெகுவாகக் கூட்டிக்கொள்கின்றன. சிலவற்றில் அவ்வெடை ஏறக்குறைய இருமடங்காவதும் உண்டு. அக்கொழுப்பு எவ்வளவு தூரம் சுமக்கும் என்பதற்குச் சான்று ஒன்று கூறலாம். 2022ஆம் ஆண்டில், மூக்கன் இனத்தைச் சேர்ந்த இளம் பறவையொன்று, அலாஸ்காவிலிருந்து அவுஸ்திரேலியாவின் தஸ்மேனியாத் தீவுக்கு 11 நாள்களில், எங்கும் இறங்காமல், 13,560 கிலோமீற்றர் பறந்தது. அதன் உடலில் இருந்த செய்மதிக் கருவி இதனைப் பதிவு செய்தது. கடலின் மேலே பறக்கும் உள்ளானுக்கு வழியில் உணவும் இல்லை, ஓய்விடமும் இல்லை. சேற்றுத் தரையிலே தின்ற புழுவும் நண்டும் சிப்பியுமே அதன் கட்டுச்சோறு.

இந்த உண்மையை உள்ளத்தில் இருத்திக்கொண்டாற் போதும்; படம்பிடிப்போர் கைக்கொள்ள வேண்டிய ஒழுக்கம் யாவும் தாமே விளங்கும். இரைதேடும் பறவையைக் கலைப்பவர் அதன் இரண்டு பொருள்களைக் கவர்கின்றார். ஒன்று, அது தின்றிருக்கக்கூடிய உணவு. மற்றொன்று, பறந்து தப்புவதற்காக அது செலவிட்ட கொழுப்பு. ஒரு முறை கலைத்தால் பறவை பொறுத்துக்கொள்ளும். ஆனால் காலையில் ஒருவர், அவர் போனதும் இன்னொருவர், பின்னர் நாயோடு ஒருவர் என்று நாள் முழுவதும் கலைக்கப்படும் பறவை, பங்குனியிலே வேண்டிய கனத்தை எட்டாமற் போகலாம்.

இனி, எங்கே செல்வது என்பதைப் பார்ப்போர்க்கு மன்னாரே முதலிடம். பெருநிலத்தையும் மன்னார்த் தீவையும் இணைக்கும் தாம்போதியின் இருமருங்கிலும் ஆழமற்ற நீர் பரந்து கிடக்கின்றது. அதனை அடுத்த வங்காலைச் சரணாலயம் 2010ஆம் ஆண்டில் ராம்சார் உடன்படிக்கையின் கீழ் அனைத்துலகச் சிறப்புடைய ஈரநிலமாக ஏற்றுக்கொள்ளப்பட்டது. அதன் பரப்பு 4,839 ஹெக்ரெயர். உள்நாட்டிலே கட்டுக்கரைக் குளம் தாராக்களுக்கும் நாரைகளுக்கும் பெயர்பெற்றது. யாழ்ப்பாணத்தில் பண்ணைத் தாம்போதி, அரியாலை, நாவற்குழி, ஆனையிறவு, தொண்டைமானாறு ஆகிய இடங்களின் கரைகள் உண்டு. சுண்டிக்குளம் 1938இற் சரணாலயமாகவும் 2015இல் தேசிய பூங்காவாகவும் ஆக்கப்பட்டது. தெற்கே, இலங்கையின் முதலாவது ராம்சார் ஈரநிலமாக 1990இல் அறிவிக்கப்பட்ட புந்தல இருக்கின்றது.

தேசிய பூங்காவுக்குள் செல்வோர் வனசீவராசிகள் திணைக்களத்தின் அனுமதியோடு செல்லல் வேண்டும். வடபகுதியிலே இன்னுமொரு எச்சரிக்கையும் வேண்டும். மிதிவெடி அபாயப் பலகை நாட்டப்பட்ட இடங்களில் பறவை எவ்வளவு அருகில் நின்றாலும் பாதையை விட்டு இறங்குதல் கூடாது. ஊரவரிடம், சிறப்பாக அக்கரையில் தொழில் செய்யும் மீனவரிடம், வழி கேட்டுச் செல்வதே நன்று. எங்கே சேறு ஆளை இழுக்கும், எங்கே தரை உறுதியானது, பறவைகள் எப்பொழுது எப்பக்கம் வரும் என்பவற்றை அவரைப்போல் அறிந்தவர் வேறெவரும் இலர்.

காலம் பற்றிக் கூறின், முதல் உள்ளான்கள் ஆவணியிலேயே வந்துவிடுகின்றன. கார்த்திகை மார்கழியில் மழை மிகுந்து தரவைகள் நீரில் மூழ்கியிருக்கும்போது பறவைகள் பரந்து சிதறி நிற்கும். தை மாசியில் நீர் வற்ற வற்றச் சேறு வெளிப்படுகின்றது. பறவைகளும் அந்நீரின் விளிம்பை ஒட்டித் திரள்கின்றன. புதிதாகப் பழகுவோர்க்கு இந்த இரண்டு மாதங்களே மிக வாய்ப்பானவை.

கமராவைத் தூக்குவதற்கு முன் கண்ணைப் பழக்க வேண்டும். சத்திமுத்தப் புலவர் நாரையின் அலகைப் பிளந்த பனங்கிழங்குக்கு ஒப்பிட்டதாக மாணவர் படிக்கின்றனர். பனங்கிழங்கைக் கையால் பிளந்த ஒருவர், நாரையையும் கூர்ந்து நோக்கியிருந்தாலன்றி அவ்வுவமை பிறந்திராது. அத்தகைய நோக்கே பறவை காண்போர்க்கு முதற்கருவி. இரண்டாவது கருவி ஓர் இருகண் தொலைநோக்கி. மூன்றாவது ஒரு குறிப்புப் புத்தகம்.

கூட்டமாக நிற்கும் நீர்ப்பறவைகளைக் காணும் புதியவர், எல்லாம் ஒரே சாம்பல் நிறம் என்று மலைத்துப்போவார். அதற்குக் காரணம் உண்டு. இவற்றுட் பல, இனம்பெருக்கும் கோடையில் செம்மையும் கருமையும் கலந்த அழகிய சிறகு பூண்டு நிற்பவை. இங்கே வந்திருக்கும் காலத்திலே மங்கலான சிறகே பூணுகின்றன. ஆகவே நிறத்தை நம்பாமல், அலகு, கால், நடை, பறக்கும்போது சிறகில் தோன்றும் கோடு ஆகிய நான்கையும் நோக்குதல் வேண்டும்.

முதலில் அவை நிற்கும் இடத்தைக் கவனித்தாலே பாதி விளங்கிவிடும். பாடசாலை அணிவகுப்பிலே பிள்ளைகள் உயரத்தின்படி நிறுத்தப்படுவதுபோல, பறவைகளும் காலின் நீளத்துக்கேற்ப நீரில் இடம் பிடித்துக்கொள்கின்றன. ஈரச் சேற்றிலே ஊர்க்குருவி அளவினதாகிய சின்ன உள்ளான் ஓடியோடிக் குத்தித் திரியும். அதற்கு அருகில், குறுகிய அலகும் பெரிய கண்ணும் உடைய மணற்கோட்டான்கள் சில அடி ஓடும், சட்டென்று நிற்கும், ஒருமுறை கொத்தும், மீண்டும் ஓடும். கணுக்கால் நீரில் செம்மஞ்சட் கால்களோடு பவளக்காலி நிற்கும்; பறந்தால் சிறகின் பின்விளிம்பு முழுவதும் வெள்ளையாகத் தெரியும். அதன் உறவாகிய பச்சைக்காலியின் அலகு சற்றே மேல்நோக்கியது. பறக்கும்போது முதுகிலே வெள்ளை ஆப்பு ஒன்று தோன்றும். அதற்கும் ஆழமான நீரிலே நெடுங்கால் உள்ளானும், நேரான நீண்ட அலகுடைய கருவால் மூக்கனும் நிற்கும். சிறகில் வெண்கோடும் வாலிற் கருமையும் கண்டால் அது கருவால் மூக்கனே. நீண்டு கீழ்நோக்கி வளைந்த அலகோடு தனியே நடப்பது குதிரைமலைக் கோட்டான். அதற்கப்பாற் பூநாரைகள் தலையைத் தலைகீழாக நீரிலே தோய்த்து நுண்ணுயிர்களை வடித்துண்ணும். மன்னார்க் கடலோரத்தில், வெள்ளையும் கருமையுமாக, தடித்த கரிய அலகோடு நண்டுதின்னி நிற்கக் காணலாம்.

திறந்த நீர்ப்பரப்பிலே மிதக்கும் கூட்டம் பெரும்பாலும் தாராக்கள். கூரிய நீண்ட வாலும் வெண்ணிறக் கழுத்தும் உடைய ஊசிவால் தாராவும், ஆணின் கபில நிறத் தலையில் வெண்புருவம் தீட்டியதுபோன்ற நீலச்சிறகியும் இங்கு ஆயிரக்கணக்கில் வருவன. ஐப்பசியில் வந்திறங்கும் ஆண்தாரா தன் கோலத்தை இழந்து பெண்தாராவைப்போலவே இருக்கும். தை மாதத்துக்குள் அது புதுச் சிறகு முளைத்து அழகு பெற்றுவிடும். தாராக்களைப் படம்பிடிக்க விரும்புவோர் பொங்கல் வரை பொறுத்திருத்தல் நன்று என்பதற்கு இதுவே காரணம்.

அடுத்து வருவது அணுகும் முறை. இத்தீவின் பறவைகளைப் பற்றிப் பெருநூல் எழுதிய லெக் என்னும் படை அதிகாரி, 1878 முதல் 1880 வரையில் அந்நூலை வெளியிட்டார். அக்காலத்தில் ஒரு பறவையை ஐயமின்றி அறிவதற்குத் துப்பாக்கியே துணைநின்றது. 1955இல் வெளிவந்த ஹென்றியின் இலங்கைப் பறவைகள் வழிகாட்டி, தூரிகையின் துணையால் அப்பறவைகளை எல்லார்க்கும் அறிமுகப்படுத்தியது. இங்கிலாந்திலே கீற்றன் சகோதரர் இருவர், 1895இல், பறவைக்கூடுகளைப் பற்றிய நூலொன்றை முழுவதும் புகைப்படங்களோடு வெளியிட்டனர். பாரமான கமராவையும் கண்ணாடித் தகடுகளையும் சுமந்து திரிந்த அவர்கள், உள்ளே வெறுமையாக்கப்பட்ட மாட்டின் உருவமொன்றைச் செய்து, அதனுள் மறைந்து நின்றும் படம் எடுத்திருக்கின்றனர். கருவி மாறினாலும் அவர்கள் கண்ட உண்மை மாறவில்லை. பறவையைத் துரத்திச் சென்று நல்ல படம் எடுத்தவர் இல்லை. பறவை அஞ்சாதவாறு தம்மை ஒடுக்கிக்கொண்டவரே எடுத்தவர்.

பறவையின் அச்சம் படிப்படியாக வெளிப்படுவது. முதலில் அது இரைதேடுவதை நிறுத்தித் தலையை நிமிர்த்தும். பின்னர் கழுத்தை நீட்டி ஒரு கண்ணால் நோக்கும். பவளக்காலியாயின் தலையை மேலும் கீழும் ஆட்டும். மூன்றாவதாக, முதுகைக் காட்டி நடந்து விலகத் தொடங்கும். நான்காவதாகக் குரல் எழுப்பும். அதன் பின்னரே பறக்கும். முதலாவது அறிகுறியிலேயே நின்றுவிடுதல் வேண்டும். சில நிமிடங்கள் அசையாதிருந்தால் தலை தாழ்ந்து மறுபடியும் இரைதேடும். நடந்து விலகுவதையும் பொருட்படுத்தாமல் முன்னேறுபவர்க்குக் கிடைப்பது பறந்தோடும் பறவையின் பின்புறப் படமே. கூட்டத்திலே முதலில் எழுவது பெரும்பாலும் பவளக்காலி. அது கூவி எழுந்தால் மற்றவையும் உடனெழும். ஒரு பறவையை நெருங்கப்போய் ஐந்நூறு பறவைகளைக் கலைத்தவராகலாம்.

ஆகவே, நேராக நடக்காமல் சாய்வாக நடத்தல், இடையிடையே குந்தியிருத்தல், வெண்மையான வேட்டி சட்டையைத் தவிர்த்து மண்ணிறமோ இலைநிறமோ உடைய ஆடை அணிதல், கையை வீசிக் கூட்டாளிக்குச் சுட்டிக் காட்டாதிருத்தல் ஆகியன வேண்டும். இவை எல்லாவற்றிலும் மேலானது, முன்னரே போய் அமர்ந்து காத்திருத்தல். பொழுது விடியுமுன் கரையோரப் பற்றை ஒன்றின் அருகே இருந்துவிட்டால், பறவைகள் தாமே இரைதேடிக்கொண்டு அணுகும். தாம்போதி போன்ற இடங்களில் வாகனத்தை ஓரமாக நிறுத்தி, உள்ளிருந்தவாறே யன்னல் வழியாகப் பார்ப்பது மிக வாய்ப்பானது. வாகனத்துக்கு அஞ்சாத பறவை, கதவு திறந்து மனித உருவம் இறங்கியதும் அஞ்சும்.

நேரத்தைத் தெரிவதில் மாரிகாலம் ஓர் அரிய வசதியைச் செய்து தருகின்றது. நீர்ப்பறவைகள் காற்றை எதிர்நோக்கியே நிற்கும். காற்றை எதிர்த்தே எழும், இறங்கும். சிறகு கலையாதிருப்பதற்கும் எளிதில் எழுவதற்கும் அதுவே ஏற்றது. வாடைக்காற்று வடகிழக்கிலிருந்து வருகின்றது. காலைச் சூரியனும் கிழக்கே நிற்கின்றது. எனவே, காலையில் கிழக்கே முதுகு காட்டி இருப்பவர்க்கு ஒளியும் பின்னால் இருக்கும், காற்றும் பின்னால் இருக்கும். பறவையின் முகமோ அவரை நோக்கியிருக்கும். மாலையில் இது தலைகீழாகின்றது. ஒளியைப் பின்னால் வைத்து இருந்தால் பறவையின் வாலே தெரியும். அன்றியும், வெயில் ஏறிய பின் சேற்றுத் தரையிலிருந்து கானல் எழுந்து ஆடும். கண்ணுக்குச் சிறிதாகத் தோன்றும் அவ்வாட்டம் நெடுந்தூர வில்லையின் ஊடே பெரிதாகிப் படத்தைக் குழப்பிவிடும். எத்துணை விலையுயர்ந்த வில்லையும் கானலை வெல்லாது. விடிந்தபின் இரண்டு மணிநேரமே பொன்னான நேரம்.

கருவியைப் பற்றியும் சில சொல்லலாம். பறவைப் படத்துக்கு 400 மில்லிமீற்றர் அல்லது அதற்கு மேற்பட்ட குவிதூரமுள்ள வில்லை விரும்பப்படுகின்றது. அசையாது நிற்கும் பறவைக்கு ஒரு செக்கனில் 500இல் ஒரு பங்கும், நடந்து கொத்தும் பறவைக்கு 1,000இல் ஒரு பங்கும், பறக்கும் பறவைக்கு 2,000இல் ஒரு பங்கும் ஒளிவிடும் நேரமாக அமைத்தால் உருவம் கலங்காது. வில்லையின் குறி எப்பொழுதும் பறவையின் கண்ணிலே இருத்தல் வேண்டும். கண் தெளிவாக இருந்தால் வால் மங்கினும் பார்ப்போர் பொறுத்துக்கொள்வர். நின்றவாறு மேலிருந்து எடுத்த படத்தில் பறவை சேற்றோடு ஒட்டிப்போன பொட்டுப்போலத் தோன்றும். தரையிலே இருந்தோ படுத்தோ பறவையின் கண்மட்டத்துக்கு வில்லையைத் தாழ்த்தினால், அதே பறவை தன் உலகத்தில் நிற்பதாகத் தோன்றும். தாழ்ந்திருக்கும் மனிதனுக்குப் பறவை அஞ்சுவதும் குறைவு.

வெண்ணிறப் பறவைகளால் ஓர் இடர்ப்பாடு உண்டு. கமராவின் ஒளிமானி உலகம் முழுவதும் நடுத்தரச் சாம்பல் நிறமானது என்று எண்ணிக்கொண்டு அளக்கின்றது. வெள்ளைக் கொக்கு சட்டம் முழுவதையும் நிறைத்து நின்றால், அது மிகையொளி என்று மயங்கிக் கொக்கைச் சாம்பலாக்கிவிடும்; அங்கே ஒளியைக் கூட்ட வேண்டும். அதே கொக்கு கரிய கண்டற் காட்டின் முன்னே சிறிதாக நின்றால், இருளைக் கண்ட கருவி ஒளியை மிகுவிக்கும். கொக்கின் இறகுகள் வெளிறி வெறும் சுண்ணாம்பாகிவிடும். அங்கே ஒளியைக் குறைக்க வேண்டும். இரண்டு முறை எடுத்துத் திரையிற் பார்த்துத் திருத்திக்கொள்வோர் இதில் விரைவில் தேர்ச்சி பெறுவர். கடற்கரையின் உப்புக்காற்று வில்லையிற் படியும்; வீடு திரும்பியதும் கருவியை மெல்லிய துணியால் துடைத்து உலரவைத்தல் வேண்டும்.

பெருங்கருவி இல்லாதவர் மனந்தளர வேண்டியதில்லை. தொலைநோக்கியின் பார்வைக் கண்ணாடியோடு கைத்தொலைபேசியை அசையாது பொருத்திப் பிடித்தால், இனத்தை அறிதற்குப் போதிய படம் கிடைக்கும். அதற்குச் சிறிது பழக்கம் வேண்டும். பறவையை நெருங்க வேண்டியதில்லை.

படம் எடுத்தபின் செய்ய வேண்டிய பணி ஒன்று உண்டு. பலர் அதனை மறந்துவிடுகின்றனர். எந்த இடம், எந்த நாள், என்ன நேரம், ஏறத்தாழ எத்தனை பறவைகள், அவை என்ன செய்துகொண்டிருந்தன என்பவற்றை அன்றே எழுதி வைத்தல் வேண்டும். இக்குறிப்பு இல்லாத படம் சுவரை அழகுசெய்யும். குறிப்போடு கூடிய படம் சான்றாகும். பறவையின் காலில் வளையமோ நிறமுள்ள சிறு கொடியோ காணப்படின், அதன் நிறத்தையும் எழுத்தையும் தெளிவாகப் படம்பிடித்துப் பறவையியல் அமைப்புகளுக்கு அறிவித்தால், அப்பறவை எந்நாட்டில் கொடி பெற்றது என்பது தெரியவரும். 1987இல் தொடங்கிய ஆசிய நீர்ப்பறவைக் கணக்கெடுப்பு, ஆண்டுதோறும் ஜனவரி மாதத்தில் நடைபெறுகின்றது. அதிலே இலங்கைத் தன்னார்வலரும் பங்குபற்றி வருகின்றனர். ஊர்க் குளமொன்றை ஒவ்வோர் ஆண்டும் தவறாது எண்ணிவரும் ஒருவர், பத்து ஆண்டுகளில் வேறெவருக்கும் தெரியாத உண்மையை அறிந்தவராவார்.

இத்தகைய குறிப்புகள் எதற்கு என்று கேட்போர்க்குப் புந்தல தக்க விடை தரும். ஒருகாலத்தில் அங்கே பூநாரைகள் பெருந்திரளாக வந்தன. கிரிந்தி ஓயாத் திட்டத்தின் வயல்களிலிருந்து வடிந்த நன்னீர் அங்குள்ள களப்புகளிற் கலந்து, அவற்றின் உப்புத்தன்மையைக் குறைத்தது. உப்புநீரில் வாழும் நுண்ணுயிர்களே பூநாரைக்கு உணவு; உணவு மாறவே பறவைகளும் அருகிப்போயின. முன்னைய எண்ணிக்கைகள் எழுதப்பட்டிருந்தமையாலன்றோ அருகியது தெரியவந்தது?

மன்னாரிலும் இத்தகைய வினா எழுந்துள்ளது. தீவின் தென்கரையில் தம்பபவனி என்னும் பெயரோடு 30 காற்றாலைக் கோபுரங்கள் 2020ஆம் ஆண்டின் இறுதியில் தொடக்கிவைக்கப்பட்டன. மின்சாரம் நாட்டுக்கு வேண்டியதே. காற்றிலிருந்து பெறும் மின்சாரம் புகையற்றது என்பதும் உண்மை. ஆயினும் பறவைகள் எவ்வழியாக, எவ்வுயரத்தில், எம்மாதங்களிற் பறக்கின்றன என்பதை அறியாமல் கோபுரம் நாட்டும் இடத்தைத் தெரிதல் இயலாது. அவ்வறிவைத் தருவது ஆண்டாண்டாகத் தொகுத்த குறிப்புகளே. காலந்தாழ்த்தவும் இடமில்லை. பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் 2024இல், கரையோரப் பறவைகள் பலவற்றை முன்னையிலும் கூடிய ஆபத்து நிலையில் வைத்தது. வளைந்த அலகோடு மன்னார்ச் சேற்றிலே கூட்டமாக மேயும் வளைமூக்கு உள்ளானும் அவற்றுள் ஒன்று.

கூடுகளைப் பற்றி ஒரு சொல். வலசை வந்த பறவைகள் இங்கே கூடுகட்டுவதில்லை. ஆனால் உள்ளூர் நாரை, கொக்கு, நீர்க்காகம் ஆகியவற்றுட் பல, நீர் நிறைந்த இக்காலத்திலேயே குஞ்சு பொரிக்கின்றன. கூட்டுமரத்தை நெருங்கினால் தாய் எழுந்துவிடும். அந்தச் சில நிமிடங்களிற் காகம் முட்டையைக் கவரும், அல்லது வெயில் குஞ்சை வாட்டும். படம் தெளிவாகத் தெரிவதற்காகக் கிளையை வெட்டுதல் கூட்டுக்கு நிழலையும் மறைவையும் அழிப்பதாகும். கூட்டைத் தொலைவிலிருந்தே பார்த்துத் திரும்புதல் வேண்டும். பதிவு செய்த குரலை ஒலிக்கச்செய்து பறவையை அழைத்தல், கல்லெறிந்து பறக்கச்செய்தல் ஆகியனவும் விலக்கத்தக்கவை.

பாடசாலைப் பிள்ளைகளுக்கு இதனைப் பழக்குவது கடினமன்று. ஐந்து பிள்ளைகளுக்கு ஒரு தொலைநோக்கி போதும். ஆளுக்கொரு அப்பியாசக் கொப்பி வேண்டும். ஒருவர் பார்த்துச் சொல்ல மற்றவர் எழுதலாம். முதல் நாளில் நான்கு இனங்களை அறிந்துகொண்டாற் போதும். கடற்கரைக்கு அண்மையிலுள்ள பாடசாலைகளிலே புவியியலையும் விலங்கியலையும் ஒருங்கே கற்பிக்க இதனினும் நல்ல பாடம் கிடைப்பது அரிது.

பங்குனி மாதத்தில் அதே கரைக்கு மீண்டும் செல்பவர், மாற்றமொன்றைக் காண்பார். சாம்பல் நிறமாக நின்ற கருவால் மூக்கனின் கழுத்தும் மார்பும் செம்மை ஏறியிருக்கும். வளைமூக்கு உள்ளான் செங்கல் நிறம் பெறத் தொடங்கியிருக்கும். வயிறுகள் பருத்திருக்கும். அமைதியின்றி எழுந்தெழுந்து வட்டமிடும். ஒரு மாலையில் அவை வானில் உயர்ந்து வடக்கே திரும்பும். மறுநாட் காலையில் சேற்றிலே கால்தடங்கள் மட்டுமே இருக்கும். தை மாதத்திலே அவற்றைப் படம்பிடித்தவர், அவை இரைதேடிய நேரத்தில் ஒரு கணமும் குறைக்காமல் படம்பிடித்திருந்தால், அப்பயணத்துக்கு அவரால் ஊறு ஏதும் நேர்ந்திராது. அடுத்த வாடைக்காற்றோடு அவை திரும்பி வரும்போது எண்ணிப்பார்ப்பதற்குச் சென்ற ஆண்டின் கொப்பியும் கையில் இருக்கும்.